படகு பேட்டரியில் ஆசிட் ஊற்றாதீர்கள்

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற ஜூன் மாதத்தில் ராமநாதபுரம் சாலை வழியாக மதுரைக்கு வந்துசேரும் படகு பேட்டரிகளில் பெரும்பாலானவை தாமாகக் கெட்டவை அல்ல, கெடுக்கப்பட்டவை. கடந்த வாரம் விசைப்படகு உரிமையாளர் ஒருவர் எங்கள் பணிமனையில் இறக்கி வைத்த பேட்டரியில் ஆறு செல்களிலும் திரவம் நிறைந்திருந்தது. ஆனால் பிளேட்டுகளின் மேல்விளிம்பு வெளுத்து, அடியில் பழுப்பு நிறச் சேறு படிந்திருந்தது. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரின் மிதவை 1.320-இல் நின்றது. லோடு கொடுத்ததும் 12.5 வோல்ட் சரசரவென்று இறங்கி 7-க்குக் கீழே போய்விட்டது. "போன மாசம்தான் புது ஆசிட் ஊத்தினோம்ண்ணே, நல்லாத்தானே இருக்கணும்?" என்று அவர் கேட்டார். அந்த ஆசிட்தான் பேட்டரியைக் கொன்றது என்பதை எத்தனை முறை சொன்னாலும் கடற்கரைக்குப் போய்ச்சேரவில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பேட்டரியில் குறைவது தண்ணீர் மட்டுமே. சார்ஜ் ஏறும்போது தண்ணீர் பிரிந்து வாயுவாக வெளியேறுகிறது, வெயிலில் ஆவியாகிறது. கந்தக அமிலம் எங்கும் போவதில்லை. உப்பளத்துப் பாத்தியில் தண்ணீர் வற்றினாலும் உப்பு அங்கேயே கிடப்பதைக் கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சார்ஜ் இறங்கும்போது திரவத்தின் அடர்த்தி குறைவது உண்மைதான். ஆனால் அப்போது அமிலத்தின் சல்பேட் பிளேட்டுகளில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சார்ஜ் ஏற்றினால் மறுபடியும் திரவத்துக்கே திரும்பிவிடும். பிளேட்டில் ஒரு பங்கு அமிலம் இருக்கும்போதே மேலிருந்து இன்னொரு பங்கை ஊற்றினால் ஹைட்ரோமீட்டர் மட்டும் ஏமாந்து போகும். முழுச் சார்ஜில் 1.240 முதல் 1.260 வரை இருக்க வேண்டிய அடர்த்தி 1.300-ஐத் தாண்டும்போது, உள்ளே இருக்கும் ஈயச் சட்டம் அரிக்கப்பட்டு உதிரத் தொடங்கும். ஊற்றிய ஓரிரு நாள் பேட்டரி கொஞ்சம் வேகமாக இருப்பதுபோல் தெரியும். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் பக்கத்துப் படகுக்காரரும் ஊற்றுகிறார். பேட்டரி கவிழ்ந்து திரவம் கொட்டிப்போனால் மட்டுமே ஆசிட் தேவைப்படும். அதையும் அடர்த்தி அளந்து பணிமனையில்தான் செய்ய வேண்டும்.

மற்ற நேரங்களில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் போதும். கேன் தண்ணீர் குடிப்பதற்கு நல்லதாக இருக்கலாம், ஆனால் அது டிஸ்டில்டு வாட்டர் ஆகாது. போர் தண்ணீரை நினைத்தே பார்க்காதீர்கள். அதிலுள்ள குளோரைடும் இரும்பும் பிளேட்டைத் தின்றுவிடும்.

வாங்கும்போது நடக்கும் தவறு வேறு வகை. செல்ஃப் அடிக்கும் பேட்டரியில் மெல்லிய பிளேட்டுகள் நிறைய இருக்கும். சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை வாரிக் கொடுப்பதற்காகவே அது செய்யப்பட்டது. அதே பேட்டரியில் இரவு முழுவதும் விளக்கும் வயர்லெஸ்ஸும் ஜிபிஎஸ்ஸும் கடலாழம் காட்டும் எக்கோ சவுண்டரும் ஓடினால், சில மாதங்களிலேயே அது படுத்துவிடும். இதற்கு மாறாக, வீட்டு இன்வெர்ட்டருக்கான டியூபுலர் பேட்டரியைப் படகில் ஏற்றி அதிலேயே இன்ஜினை ஸ்டார்ட் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். மெதுவாக நெடுநேரம் மின்சாரம் தருவதற்கான பேட்டரியை நொடியில் கொட்டச் சொல்வது தவறு. ஸ்டார்ட்டிங்குக்கு ஒன்று, விளக்குக்கும் கருவிகளுக்கும் நெடுநேரம் மின்சாரம் தரும் டீப் சைக்கிள் வகையில் இன்னொன்று, நடுவில் ஒரு சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் என்று வைப்பதே பாதுகாப்பானது. கருவிகளெல்லாம் சேர்ந்து 5 ஆம்பியர் இழுத்தால் பத்து மணி நேரத்தில் 50 ஆம்பியர் ஹவர் செலவாகும். பாதிக்குமேல் இறக்கக் கூடாது என்பதால் 100 ஆம்பியர் ஹவர் பேட்டரியாவது வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல், கடைக்காரர் கொடுக்கும் தள்ளுபடியைப் பார்த்து வாங்காதீர்கள்.

24 வோல்ட் படகுகளில் மட்டும் நடக்கும் ஒரு கோளாறு உண்டு. இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்துவிட்டு, அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் வயர்லெஸ்ஸுக்கு வயர் இழுத்திருப்பார்கள். அந்த ஒன்று எப்போதும் அரைச் சார்ஜிலேயே கிடந்து வீணாகும். மற்றொன்று அதிகச் சார்ஜில் கொதித்துத் தண்ணீரை இழக்கும். கடைசியில் இரண்டையும் மாற்ற வேண்டி வரும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிப் போடுங்கள், புதுப் பேட்டரியோடு ஒப்பிட்டால் அதன் விலை பெரிதல்ல.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கத்திரி வெயில் கொளுத்துகிற அந்த இரண்டு மாதமும் பேட்டரியைப் படகிலேயே விட்டுவிட்டு வருவதுதான் பாதிக் கேடு. எதையும் இயக்காவிட்டாலும் சார்ஜ் தானாக இறங்கும், வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும். இறங்கிய நிலையில் கிடந்தால் பிளேட்டில் சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. படகைக் கட்டியதும் பேட்டரியைக் கழற்றுங்கள், முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியாக மாட்டுங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் பச்சையை, மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுச் சமையல் சோடா கரைசலில் கழுவுங்கள். துடைத்து வாஸ்லின் தடவுங்கள். முழுச் சார்ஜ் ஏற்றி நிழலில் வைத்து, மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் ஏற்றுங்கள். இரவு முழுவதும் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழுச் சார்ஜில் இருக்கிறது, 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது என்று பொருள்.

இரண்டு டெர்மினலுக்கும் நடுவே ஸ்பேனரை உரசி, பொறி வருகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருக்கும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். பேட்டரி வெடித்தால் ஆசிட் நேராகக் கண்ணில்தான் தெறிக்கும். கடல்நீர் உள்ளே புகுந்த பேட்டரியிலிருந்து குளோரின் நச்சுவாயு கிளம்பும் என்பதால், மூடிய அறையில் அதன் பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாம்; பேட்டரிப் பெட்டி உயரத்திலும் காற்றோட்டத்திலும் பட்டை கட்டி இறுக்கியும் இருக்க வேண்டும்.

பாக் நீரிணையில் பேட்டரி செத்தால் செல்ஃப் மட்டும் போவதில்லை. ஜிபிஎஸ் அணைந்த படகு, எல்லைக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இழுபடும். வயர்லெஸ் இல்லாததால் பக்கத்துப் படகையும் கூப்பிட முடியாது. கடலோரக் காவல்படையின் 1554 எண் கைபேசியில் இருந்தாலும் நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது. ஆகவே கிளம்புவதற்கு முந்தைய மாலையே, ஆறு செல்களின் அடர்த்தியையும் ஹைட்ரோமீட்டரில் பார்த்துவிடுங்கள். ஐந்து செல்கள் சமமாக இருந்து ஒன்று மட்டும் 0.050 குறைந்தால், அந்தப் பேட்டரியைக் கடலுக்குக் கொண்டுபோகாமல் கரையிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.