தேவதைக்கு இரும்பைக் கண்டால் என்ன பயம்?

"இளைஞர்களுக்கான இருண்ட தேவதைக் கற்பனை நாவல்கள்." பெரம்பூர்ப் பக்கம் ஒரு புத்தகக் கடையில், சார்ட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி அலமாரிக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். முதல் தடவை என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மொழிபெயர்ப்புகளுக்குப் பிழை திருத்திப் பிழைக்கிறவன் நான். இந்தத் தேவதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது என் மேசைக்கு வந்துவிடுகிறாள்.

கூட வந்த அண்ணன் மகளிடம் அட்டையைக் காட்டினேன். அவளுக்கு 16 வயது. டார்க் ஃபேரி ஃபேண்டசி என்று அவள் சொல்லும் இந்த வகை நாவல்களைத் தலையணைக்கடியில் அடுக்கி வைத்திருப்பவள். "இன்னா சித்தப்பா, வெள்ளை கவுன் போட்டு எறக்க கட்டிக்கினு வருமே, அதுவா?" என்றாள்.

வேறென்ன நினைப்பாள்? பள்ளி மாறுவேடப் போட்டிக்கு வாடகைக்கு எடுக்கும் தேவதை அதுதானே. கம்பியை வளைத்து வலைத்துணி ஒட்டிய இறக்கை, நுனியில் ஜிகினா நட்சத்திரம் வைத்த குச்சி. அந்தப் பிள்ளையை 'இருண்ட' என்றால் மேடையில் கரண்ட் போய்விட்டது என்றுதான் பொருள்.

தமிழில் தேவதை என்று எழுதிவிடுகிற இந்த ஃபேரி வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் 'ஃபாட்டும்' என்றால் சொல்லப்பட்டது, அதாவது விதிக்கப்பட்டது. அதிலிருந்து விதியை நூற்கும் பெண்கள் 'ஃபாட்டா' ஆனார்கள். அதுவே பிரெஞ்சில் 'ஃபே' ஆனது. அவர்களுடைய நாடும் மாயமும் 'ஃபேயரி'. ஆங்கிலத்தில் விதியைக் குறிக்கும் 'ஃபேட்' இதன் உடன்பிறப்பு. பாரசீகத்துப் 'பரி' ஒலியில் ஒத்திருந்தாலும் வேறு வேர். இறக்கையெல்லாம் பின்னால் ஓவியர்கள் ஒட்டியது. 1917-ல் இங்கிலாந்தின் காட்டிங்லி ஊரில் இரண்டு சிறுமிகள் காகிதத்தில் ஃபேரிகளை வெட்டிவைத்துப் போட்டோ எடுத்து ஊரையே நம்பவைத்தபோதும் இறக்கையோடுதான் வெட்டினார்கள். அதில் மூத்தவளுக்கும் 16 வயது!

ஆனால் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பழங்கதைகளில் வரும் ஃபேரி வேறு ஆள். தொட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாற்றுப் பிள்ளையைக் கிடத்திவிட்டுப் போகும். அது கொடுத்ததைத் தின்றால் வீடு திரும்ப முடியாது. அதைப் பேர் சொல்லிக் கூப்பிடவே பயந்து 'நல்லவங்க' என்பார்கள், நாம் இராத்திரியில் பாம்பைப் பூச்சி என்பது போல. அப்புறம், அதற்கு இரும்பு ஆகாது.

இந்த இரும்பில்தான் எனக்குக் கோபமே. தேவதை என்பது 'தேவதா' என்ற வடசொல்லின் தமிழ் உரு. பொருள் தெய்வம். கிராம தேவதை, எல்லைத் தேவதை என்று இன்றும் சொல்கிறோம். எங்கள் தெருமுனை அம்மன் வாசலில் ஆள் உயரத்துக்கு இரும்புச் சூலம் நிற்கிறது. மூன்று முனையிலும் எலுமிச்சம்பழம் குத்தியிருப்பார்கள். ஆடியில் கூழ் வார்க்கும்போது முதல் பூ அந்தச் சூலத்துக்குத்தான். சூலம் பிடித்தவளின் பெயரை எடுத்து, ஆணியைக் கண்டால் அலறுகிற ஒன்றுக்கு வைத்தால் எப்படி? ஆணிக்குப் பயப்படுகிறவர்கள் நம்மிடமும் உண்டு. ராயபுரத்தில் எங்கள் ஆயா கறிக்குழம்பு கொடுத்தனுப்பினால் தூக்கு மூடிமேல் ஒரு ஆணியும் கரித்துண்டும் வைக்காமல் விடமாட்டார். அந்த ஆணி யாருக்காக என்று ஆயாவைக் கேட்டால் 'தேவதைக்கு' என்று சொல்லமாட்டார்.

எனக்குத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் 'துர்தேவதை என்று இருக்கிறதே' என்றார். இருக்கிறது. வெறும் தேவதை நல்லது என்பதால்தான் அதற்கு முன்னால் 'துர்' போடவேண்டி வந்தது. துர்தேவதையை வேப்பிலை அடித்து ஓட்டுவார்களே தவிர, அதன் கண்ணைப் பார்த்து யாரும் கிறங்கமாட்டார்கள். சரி, 'கருந்தேவதை' என்றார். தேவதையின் நிறத்தை மாற்றிப் பயம் வரவழைக்கப் பார்க்கிறார். கறுப்பைக் கெட்டதாக்கும் அந்தப் புத்தி எனக்குப் பிடிக்கவில்லை. போதாததற்குத் தேவதூதரையும் தேவதை என்றே எழுதுகிறார்கள். ராயபுரத்துக் கத்தோலிக்க வீடுகளில் காவல் சம்மனசு என்று அழகான ஒரு சொல் புழங்குகிறது. அதை அகராதியில் தேடக்கூட ஆளில்லை.

இந்த நாவல்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். "ஃபேரி ஹீரோ பொய்யே சொல்ல மாட்டான் சித்தப்பா. ஆனா ஏமாத்திருவான். ஒவ்வொரு வார்த்தையையும் நாம உஷாரா கேக்கணும்" என்றாள். பழைய நம்பிக்கையில் ஃபேக்கள் பொய் பேசாதவர்கள். இன்றைய நாவல்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பேரத்தின்மேல் பேரமாகக் கதை கட்டுகிறார்கள். காலையிலிருந்து 'உன் நல்லதுக்குத்தான்' என்றே கேட்டு வளர்கிற 16 வயதுக்கு இது பிடிக்காமல் எப்படி இருக்கும்? அதுவும் பொய் இல்லைதான். இழுக்கிற அழகும் அழிக்கிற ஆபத்தும் ஒரே முகத்தில் இருக்க, கதவைத் திறப்பதா வேண்டாமா என்பதைக் கதாநாயகியே முடிவு செய்கிறாள்.

இழுப்பதையும் வருத்துவதையும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் அணங்கு இருக்கிறது. வினையாக வந்தால் வருந்துதல், வருத்துதல். பெயராக வந்தால் வருத்தும் தெய்வம், அப்படி வருத்துகிற அழகி. அச்சம் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியம் நான்கு என்று எண்ணும்போது அணங்கைத்தான் முதலில் வைக்கிறது. விலங்கும் கள்வரும் அரசனும் அதற்குப் பின்னால்தான். 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ' என்று தடுமாறுகிறானே குறள் 1081-ல், அவன் நிலைமைதான் இந்த நாவல்களின் முதல் அத்தியாயம்.

"ஹீரோ ஆம்பளையாச்சே" என்றாள். நியாயமான கேள்வி. அணங்கு என்றால் பெண்ணுருவம்தான் முதலில் மனசுக்கு வருகிறது. ஆனால் தெய்வம் என்ற சொல்லைப் போல அதற்கும் பால் விகுதி கிடையாது. அரசவை, குலப்பகை என்று கூட்டமாக வரும்போது இயக்கர் என்று எழுதலாம், வடமொழியில் யட்சர் என்பார்களே, அவர்கள்தான். இயக்கன், இயக்கி இருவரும் உண்டு. குபேரன் அவர்களுக்கு அரசன், அளகாபுரி தலைநகர். நாகர்கோவில் பக்கத்து இசக்கி இந்த இயக்கிதான்.

அட்டையில் மிச்சமிருந்த சொற்களும் தேறவில்லை. எந்த நாவல் கற்பனை இல்லை? இளைஞர் என்கிறார்கள், கட்சிகளின் இளைஞர் அணியில் நாற்பதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். இந்தப் புத்தகங்கள் பதின்வயதுக்காரர்களை நினைத்து எழுதுபவை, இளையோர் என்றால் போதும். 'இருண்ட' வேண்டவே வேண்டாம், அணங்கிலேயே இருட்டு இருக்கிறது. இளையோர் அணங்குக் கதைகள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் அந்த மொழிபெயர்ப்பாளரிடம் போனில் அரைமணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் திருத்தத்துக்கு வந்த அவருடைய பிரதியின் முதல் பக்கத்தில் இருந்தது: 'இருண்ட அணங்குத் தேவதை.'