எல்.ஏ. (லைட்னிங் அரெஸ்டர்) இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

இந்த முறை அம்பத்தூர் எஸ்டேட்டில். மாலையில் நல்ல இடி. 11 கேவி (கிலோவோல்ட்) டிரான்ஸ்ஃபார்மரின் உயர் அழுத்தச் சுருள், அதாவது எச்.டி. காயில், போய்விட்டது. யார்டுக்குள் நுழையும் முன்பே மேனேஜர் எர்த் டெஸ்ட் ரிப்போர்ட்டை நீட்டினார். "ஒரு ஓமுக்குள்ளதான் சார் இருக்கு, எல்.ஏ.வும் போட்டிருக்கோம். அப்புறம் எப்படி?"

ஒவ்வொரு மழைக்காலத்திலும் இதே கேள்வி. எல்.ஏ. என்பது கம்பி வழியாக வரும் இடியின் அழுத்தத்தை எர்த்துக்கு இறக்கிவிடும் கருவி. அந்த ஒரு ஓம், பழுது ஏற்படும்போது போகிற 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்துக்கான கணக்கு. இடியால் வரும் சர்ஜ், அதாவது திடீர் மின் அலை, மைக்ரோ விநாடிகளில் ஏறுகிறது. அதற்கு வயரின் நீளம்தான் எதிரி. ஒரு மீட்டர் வயருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் (வேகமாக ஏறும் மின்னோட்டத்தை எதிர்க்கும் குணம்). மைக்ரோ விநாடிக்கு 10 கிலோ ஆம்பியர் ஏறினால் மீட்டருக்கு 10 கேவி. அங்கே எல்.ஏ.வின் அடியிலிருந்து ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை சுவரோரமாக வளைந்து, தனியாக ஒரு எர்த் பிட்டுக்கு (குழிக்கு) போயிருந்தது. 6 மீட்டருக்குக் குறையாது. அதிலேயே 60 கேவி. 9 கேவி எல்.ஏ. தன் பங்குக்குச் சுமார் 30 கேவியை விட்டுவைக்கும். இரண்டும் சேர்ந்தால் 90. அந்த டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் இம்பல்ஸ் (இடி போன்ற நொடிநேர அழுத்தம்) 75 கேவி. ஓமைக் குறைக்கப் பிட்டில் எத்தனை மூட்டை உப்பும் கரியும் கொட்டினாலும் இந்த 60 குறையாது. தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

எல்.ஏ.வின் அடிமுனையிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் டேங்குக்கு நேராக, குட்டையாக ஒரு பட்டை போடுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து எர்த்துக்குக் கொண்டுபோங்கள். கம்பத்தில் எல்.ஏ. இருக்கிறது, அங்கிருந்து நீளமான கேபிள் உள்ளே வருகிறது என்றால், டிரான்ஸ்ஃபார்மர் முனையில் இன்னொரு செட் எல்.ஏ. வேண்டும். கேபிளின் கோடியில் சர்ஜ் மோதித் திரும்பும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகும். கூரையில் நிற்கும் இடிதாங்கி கட்டடத்துக்குத்தான். எங்கேயோ லைனில் விழுந்து கம்பி வழியாக வருவதை அது தடுக்காது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு ஷட்டவுன் எடுங்கள். எண்ணூர், மணலிப் பக்கம் உப்பும் புகையும் படிந்த இன்சுலேட்டரைக் கழுவியே ஆகவேண்டும். கிளாம்ப் துருப்பிடித்திருந்தால் பெயின்ட் அடித்து மறைக்காமல் மாற்றுங்கள். உள்ளே கேப் (இடைவெளி) வைத்த பழைய சிலிக்கான் கார்பைடு எல்.ஏ. இன்னும் இருந்தால் கழற்றிவிட்டு, கேப் இல்லாத துத்தநாக ஆக்சைடு எல்.ஏ.வை மாட்டுங்கள். சர்ஜை எண்ணும் கவுன்ட்டர் நகரவில்லை என்பதை வைத்து எல்.ஏ. நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். கசிவு மின்னோட்டத்தை அளந்து பாருங்கள்.

ஷிப்டில் இருக்கும் எலெக்ட்ரீஷியன் தம்பிகளே, இடிக்கும்போது யார்டுக்குள் போகாதீர்கள். புரொடக்‌ஷன் நிற்கிறது என்று யார் கத்தினாலும் சரி, டிரிப்பான பிரேக்கரை இடி அடங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம்.