நிச்சயதார்த்தம் முடிந்ததும் வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள்

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கமிருந்து வலிப்புக்குச் சிகிச்சை எடுக்கும் பெண்களுக்குக் கல்யாணம் நிச்சயமானால், அம்மாக்கள் தனியாக வந்து கேட்பார்கள்: "டாக்டரே, மாத்திரைய நிறுத்திரலாமா? மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா பிரச்சினை."

எனக்கு முதலில் தெரிய வேண்டியது, அது எந்த மாத்திரை என்பது. வால்ப்ரோயேட் என்றால் மாற்றுவதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்டால் ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது. பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்குப் பேச்சு, படிப்பு போன்றவற்றில் சிக்கல் வரலாம். தண்டுவடமாகும் நரம்புக் குழாய் கரு உருவாகி 28 நாட்களுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய், பரிசோதித்து, என்னிடம் வருவதற்குள் அந்தக் கட்டம் தாண்டியிருக்கும்.

இதெல்லாம் பிறந்த குழந்தைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டவை. நம் ஊர்க்காரர்கள் போய்வரும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனையில் 1998 முதல், வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கென்றே பதிவேடு இருக்கிறது. அருமையான வேலைதான். ஆனால் பாதிப்பு நடந்த பிறகுதானே பதிவேட்டில் ஏறும்?

முன்கூட்டியே தெரிந்துகொள்ள, எலியிடம் செய்யும் மருந்துச் சோதனையை மட்டும் நம்பவும் முடியாது. கர்ப்பிணிகளுக்கு வாந்திக்குக் கொடுத்த தாலிடோமைட் மருந்து விஷயத்தில் எலிகள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. மனிதக் குழந்தைகள் கைகால் குறுகிப் பிறந்தார்கள். அதனால்தான் ஆய்வகத்தில் வளர்க்கும் மனித மூளைத் திசு முக்கியமாகிறது. தோல் அல்லது ரத்த அணுவை ஸ்டெம் செல்லாக, அதாவது எந்தத் திசுவாகவும் வளரக்கூடிய செல்லாகத் திருப்பி, அதிலிருந்து பட்டாணி அளவு திசுவை வளர்க்கிறார்கள். 2013இல் வியன்னாவில் லங்காஸ்டர், நோப்ளிக் என்ற ஆய்வாளர்கள் செய்து காட்டியது இது. மருந்தைக் கலந்துவிட்டு, செல்கள் எப்படிப் பிரிகின்றன, நரம்பணுக்கள் எப்படி மின்துடிப்பு விடுகின்றன என்று நேரடியாகப் பார்க்கலாம். 2023இல் இந்திய மருந்துச் சோதனை விதிகளும் இம்மாதிரி முறைகளுக்கு இடம் கொடுத்தன.

ஒன்று சொல்ல வேண்டும்: அந்தத் திசுவுக்குக் கல்லீரலும் இல்லை, நஞ்சுக்கொடியும் இல்லை. கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரை சிலருக்குத் தோலையே உரித்துவிடுமே, அது நோயெதிர்ப்புச் சமாச்சாரம். மூளைத் திசுவில் தெரியாது. அதற்கு மாத்திரை தொடங்குமுன் செய்யும் ரத்த மரபணுச் சோதனைதான்.

சரி, இப்போது என்ன செய்வது? மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கல்யாணத்துக்குச் சில மாதங்கள் முன்பே மாத்திரை அட்டையோடு வாருங்கள். லெவெடிராசெட்டம், லாமோட்ரிஜின் மாதிரி கருவுக்குப் பாதிப்புக் குறைந்தவற்றுக்குப் படிப்படியாக மாற்ற முடியுமா என்று பார்க்கலாம். ஃபோலிக் ஆசிட்டும் அப்போதே தொடங்கிவிடலாம். பெண்ணுக்குச் சம்மதம் என்றால் மாப்பிள்ளையையும் கூட்டிவாருங்கள், அவரிடம் நானே பேசுகிறேன்.