பைப்பைச் செருகி ஏறி நிற்காதீர்கள்

வராத வீல் நட்டைக் கழற்றப்போய் ஸ்டட்டை (நட்டு ஏறும் மறையுள்ள தண்டு) முறித்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்ததில், இந்த வாரத்தில் இது மூன்றாவது வண்டி. ஸ்டெப்னி மாற்றிய பின்சக்கரத்தில் மூன்று நட்டுகள்தான் இருந்தன. நான்காவது, முறிந்த ஸ்டட்டோடு வண்டியை ஓட்டி வந்த தம்பியின் சட்டைப்பையில் இருந்தது. வலது கை விரல்களில் கட்டு. "அசையவே இல்லை அண்ணே, ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஏறி நின்றேன்" என்றார்.

முறிந்த ஸ்டட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். முறிந்த முகத்தின் ஓரத்தில் பழுப்பு வளையம்: அந்த விரிசல் பழையது, உள்ளே துரு ஏறியிருக்கிறது. நடுவில் சாம்பல் நிறத்தில் மினுங்கிய இடம் மட்டும்தான் அன்று காலை முறிந்தது. முன்பு எங்கோ ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் நட்டை முடுக்கும் கருவி) அளவு பார்க்காமல் இறுக்கியிருப்பார்கள்.

நட்டு வரவில்லை என்றால் பலம் போதவில்லை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். தவறு. சிறிய காரின் வீல் நட்டை இறுக்க வேண்டியது சுமார் 100 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அளவு). ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 60 கிலோ எடையுள்ளவர் ஏறி நின்றால் ஏறக்குறைய 590. விரல் தடிமன்கூட இல்லாத ஸ்டட் அதை எப்படித் தாங்கும்? நட்டைப் பிடித்துவைத்திருப்பது மறைக்குள் (திருகு வரிகளுக்குள்) இருக்கும் துரு. அதைத் தளர்த்தாமல் மிதித்தால் ஸ்டட்தான் முதலில் போகும். போவதற்குச் சற்று முன் ஸ்பேனர் ரப்பரை இழுப்பதுபோல் மெத்தென்று வரும். நட்டு இளகிவிட்டது என்று மகிழ்ந்து இன்னும் இழுப்பீர்கள். உண்மையில் ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. துரு விட்டால் 'டக்' என்று சத்தம் கேட்கும். மெத்தென்று வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

மறையைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து, நட்டின் பக்கவாட்டில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். அடித்த கையோடு இழுப்பதால் பயனில்லை. தேங்காய் எண்ணெய் வேண்டாம். பிரேக் பாகங்களில் ஒரு சொட்டும் படக்கூடாது. திரும்ப மாட்டும்முன் ஸ்டட்டைத் துடைத்துவிடுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் துளி அசைத்துவிட்டு, பிறகு கழற்றுங்கள். அளவு சரியான, ஆறு முகமுள்ள பாக்ஸ் ஸ்பேனர் மட்டும்தான். ஸ்குரூ ஸ்பேனரைத் தொடவே தொடாதீர்கள், நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

இதையெல்லாம் சக்கரம் தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டியில் நட்டை மிதிப்பவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. ஜாக்கி தூக்கத்தான், தாங்க அல்ல. வண்டி சரிந்தால் கீழே இருப்பது உங்கள் கால்.

கேஸ் டார்ச் வீட்டில் வேண்டவே வேண்டாம். ரப்பர் பிரேக் ஹோஸ் பக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் அடித்த ஸ்பிரேயும் தீப்பிடிக்கும்.

அப்படியும் வரவில்லையென்றால், நட்டு மழுங்குவதற்கு முன் பட்டறைக்கு ஆள் அனுப்புங்கள், நான் வருகிறேன். தயவுசெய்து மூன்று நட்டுகளோடு ஓட்டிக்கொண்டு வராதீர்கள். அந்தத் தம்பி மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.