கைமாறி வரும் காக்கட்டூ: முதல் மாதம் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள்

பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன் என்பதால், வேறொரு வீட்டில் வளர்ந்து கைமாறி வந்த காக்கட்டூக்களை, அதாவது தலையில் கொண்டை உள்ள கிளி வகைப் பறவைகளை, அடிக்கடி பார்க்கிறேன். எடுத்து வளர்ப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே கதைதான். "வந்த புதுசுல தங்கமா இருந்தது டாக்டர், தோளை விட்டு இறங்கவே இறங்காது. இப்போ கத்திக் கத்தி உயிரை எடுக்குது, கையைக் கொண்டுபோனா கடிக்குது. ஏதாவது நோயா பாருங்க." சில சமயம் நோய் இருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன். பல சமயம் உடம்பில் ஒரு குறையும் இருக்காது. முதல் சில வாரங்களில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் காரணம் கிடைத்துவிடும்.

பாவம், இடம் மாறி வந்த ஜீவன் என்று விடுப்புப் போட்டுவிட்டு நாள் முழுக்க அதோடு இருந்திருப்பார்கள். சாப்பிடும்போதும் தோளில், டிவி பார்க்கும்போதும் தோளில். காக்கட்டூ கூட்டமாக வாழ்கிற பறவை, ஜோடியை விட்டு லேசில் விலகாத பறவை. ஆகவே இந்த வீட்டு வழக்கமே இதுதான் என்று அது எடுத்துக்கொள்கிறது. விடுப்பு முடிந்து ஆட்கள் வேலைக்குக் கிளம்பியதும் கூப்பிட்டுப் பார்க்கிறது, பதில் வரவில்லை, இன்னும் சத்தமாகக் கூப்பிடுகிறது. அக்கம்பக்கத்தில் புகார் வருகிறது, சில மாதங்களில் அதற்கு மூன்றாவது வீடு தேட ஆரம்பிக்கிறார்கள். ஆகவே நான் எல்லோரிடமும் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: ஒரு வருடம் கழித்தும் உங்களால் எவ்வளவு நேரம் கொடுக்க முடியுமோ, அதை மட்டும் முதல் நாளிலிருந்தே கொடுங்கள். தனியாக உட்கார்ந்து மரக்கட்டையைக் கடித்துக் கிழிக்க, காகிதத்தைப் பிய்க்க, ஒளித்துவைத்த தீனியைத் தேட அது அந்த முதல் வாரத்திலேயே பழகட்டும்.

இந்தப் பறவை கைமாறுவதற்கு ஆயுளும் ஒரு காரணம். சிகாகோ அருகில் உள்ள ப்ரூக்ஃபீல்ட் உயிரியல் பூங்காவில் இருந்த குக்கி என்ற காக்கட்டூ 2016-ல் இறந்தபோது அதற்கு 83 வயது. எல்லாம் அவ்வளவு காலம் இருப்பதில்லை, ஆனால் பெரிய வகைகள் நாற்பது ஐம்பது வருடம் வாழ்வது சகஜம். அதற்குள் மனிதர்கள் முதுமை அடைகிறார்கள், குழந்தை பிறக்கிறது, வீடு மாறுகிறது. அதனால் கைமாறிய பறவை என்றாலே கெட்டுப்போன பறவை என்று நினைக்கவே வேண்டாம். தாளத்துக்கு ஆடி உலகப் புகழ் பெற்ற ஸ்னோபால் கூட, பழைய வீட்டார் 2007-ல் ஒரு காப்பகத்தில் கொண்டுவந்து விட்ட பறவைதான். அது இசையின் வேகத்துக்கு ஏற்பத் தன் ஆட்டத்தை மாற்றிக்கொள்கிறது என்று 2009-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2019-ல் அதன் ஆட்டத்தில் 14 விதமான அசைவுகளை எண்ணினார்கள்.

எடுத்துவரும்போது பழைய கூண்டையும் பொம்மைகளையும் சேர்த்தே கேளுங்கள். அதைவிட முக்கியம், பழைய வீட்டின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று விசாரிப்பது. எத்தனை மணிக்கு விளக்கணைப்பார்கள், தண்ணீர் கிண்ணத்திலா பாட்டிலிலா, என்ன சொன்னால் காலை நீட்டிக் கையில் ஏறும், என்ன தீனி. தீனி விஷயத்தில் நல்லெண்ணத்தோடு செய்கிற ஒரு காரியம் உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது. வெறும் சூரியகாந்தி விதை கொடுத்து வளர்த்திருப்பார்கள். கொழுப்பு கூடும், வைட்டமின் ஏ போதாது, மாற்ற வேண்டியதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வந்த அன்றே விதையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பெல்லட் எனும் உருண்டைத் தீனியை வைத்தால், அது சாப்பிடும் பொருள் என்றே பறவைக்குத் தெரியாமல் போகலாம். பசித்தால் தானாகத் தின்னும் என்று காத்திருக்காதீர்கள். முதல் சில வாரம் பழைய தீனியே இருக்கட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றலாம். விதை வைக்கும்போதும் கிண்ணத்தைத் தொட்டுப் பாருங்கள். நிறைந்திருப்பது போல இருக்கும், மேலாக ஊதினால் உமி பறக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. எச்சம் குறைந்து கரும்பச்சையாக வந்தால் சாப்பிடவில்லை என்று அர்த்தம். சமையலறைத் தராசு ஒன்றில் பறவை உட்கார ஒரு கட்டையைப் பொருத்தி, தினமும் காலையில் தீனிக்கு முன் எடை பார்த்து எழுதிவையுங்கள். பறவைகள் நோயை மறைக்கும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அவகாடோ, சாக்லேட், காபி, வெங்காயம் இதெல்லாம் கூடவே கூடாது. ஒட்டாத பூச்சுள்ள பாத்திரம் அதிகமாகக் காய்ந்தால் வரும் புகை நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும், ஆகவே அந்தப் பாத்திரமே வீட்டில் வேண்டாம்.

வேறு பறவை இருக்கும் வீடு என்றால் புதியதை ஒரு மாதமாவது தனி அறையில் வையுங்கள். முதல் வாரத்திலேயே ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். வெள்ளைக் காக்கட்டூ மேசைக்கு வந்ததும் நான் முதலில் அலகைத்தான் பார்ப்பேன். அதன் உடம்பிலிருந்து ஒரு மெல்லிய வெள்ளைத் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும், அது படிந்து கருப்பு அலகு சாம்பல் பூத்தது போல மங்கலாகத் தெரிய வேண்டும். அலகு பளபளவென்று கருப்பாக மின்னினால் பார்க்க அழகுதான், ஆனால் தூள் சுரப்பு நின்றிருக்கிறது. அலகையும் இறகையும் சிதைக்கும் ஒரு வைரஸ் நோயின் ஆரம்பமாக அது இருக்கலாம், உடனே அதற்கான பரிசோதனை எடுக்கிறோம். மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளிக்காய்ச்சலுக்கும் சேர்த்தே பார்த்துவிடுவது நல்லது. அந்தத் தூள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் பறவையை எடுப்பதற்கு முன்பே, அது இருக்கும் அறையில் சில மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள்.

சரி, வீட்டுக்கு வந்தாயிற்று. கூண்டின் ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும், நாலு பக்கமும் திறந்திருந்தால் அதற்கு நிம்மதி இருக்காது. தூங்க 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். தாழ்ப்பாளில் மட்டும் அசட்டை வேண்டாம். 2013-ல் வியன்னாவில், வரிசையாக ஐந்து வகைப் பூட்டுகளைக் கழற்றினால்தான் உள்ளே இருக்கும் பருப்பு கிடைக்கும் என்று வைத்துப் பார்த்தார்கள், ஒரு காக்கட்டூ யாரும் கற்றுத்தராமலே கழற்றி எடுத்துவிட்டது.

கூண்டுக்குள் கையை விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், போகும்போது வரும்போது பிடித்த பருப்பு ஒன்றைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நகருங்கள். கொண்டை தூக்கினால் கோபம் என்று பலர் நினைக்கிறார்கள். குஷியிலும் தூக்கும், பயத்திலும் தூக்கும், கொண்டையை மட்டும் பார்த்தால் போதாது. இறகு உடம்போடு ஒட்டி, உடல் ஒடுங்கிப் பின்னால் சாய்ந்தால் பயம், நீங்கள் விலக வேண்டும். கன்ன இறகு முன்னால் விரிந்து அலகை மூடி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, அலகை மெதுவாக நறநறவென்று அரைத்தால் உங்கள் எதிரில் அதற்கு நிம்மதி வந்துவிட்டது.

தடவ விட்டால் தலை, கழுத்து, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதுகிலும் இறக்கைக்கு அடியிலும் தடவுவது அதற்கு இணை சேர்வதற்கான அழைப்பு. நாளாவட்டத்தில் ஒருவரை மட்டும் ஜோடியாக வரித்துக்கொண்டு மற்றவர்களைக் கடிக்கும். எந்நேரமும் முக்கி முக்கிக் குதம் வெளியே பிதுங்கி அறுவை சிகிச்சை வரை போன பறவைகள் உண்டு, இந்த இனத்தில் அது அதிகம். சோஃபா அடி, அலமாரி மூலை போன்ற இருட்டுப் பொந்துகளுக்குள்ளும் விடாதீர்கள், கூடு என்று நினைத்துவிடும்.

காலையிலும் அந்தியிலும் கொஞ்ச நேரம் கத்தத்தான் செய்யும், அதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. மற்ற நேரத்தில் கத்தும்போது ஓடிப்போய் அதட்டினால், கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்ளும். அடுத்த அறைக்குப் போகும்போது நீங்களே ஒரு சீட்டி அடியுங்கள். அது மெதுவாகக் குரல் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் பதில் கொடுங்கள்.

மார்பில் இறகைப் பிடுங்கிக்கொண்ட பறவையை எடுக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக எடுக்கலாம். முதலில் உடல் காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தோல், ஈரல், துத்தநாகம் பூசிய கூண்டுக் கம்பியைக் கடித்து ஏறிய விஷம் என்று பல இருக்கலாம். வருடக்கணக்கில் பிடுங்கியிருந்தால் வேரே கெட்டு, எவ்வளவு கவனித்தாலும் இறகு திரும்பாமல் போகலாம். பிடுங்கும்போது "வேண்டாம், வேண்டாம்" என்று ஓடாதீர்கள், கிழித்து விளையாட நிறையப் பொருள் போடுங்கள், குளிர் தாக்காமல் அறையைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.