நிலையத்துக்குக் கீழே மிதக்கும் நன்னீர்

யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தைப் பசுமையாக்குவது என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கூரையில் சோலார் பனல். போடட்டும், நல்லதுதான். ஆனால் இந்த ஊரில் அதற்கு முந்திக் கவனிக்க வேண்டியது அத்திவாரத்துக்குக் கீழே கிடக்கிறது.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் பெரும்பாலும் கிணறுதான். அந்தத் தண்ணீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் நிறைந்து, அடியில் இருக்கும் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரினது ஏறத்தாழ 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்தால், நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள்: மேல்மட்டம் அரை மீற்றர் இறங்கினால் உவர்நீர் 20 மீற்றர் மேலேறி வரும். உண்மையில் இரண்டும் கலக்கும் வலயம் ஒன்று நடுவில் உண்டு, கல்லும் எங்கும் ஒரே மாதிரி இல்லை. போக்கு என்னவோ இதுதான். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்பது குடாநாட்டில் பலருக்கும் தெரிந்த சங்கதி.

செலவு எத்தனையோ, வரவு மழை ஒன்றுதான், அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரியில். 1990இல் நின்ற கோச்சி (புகையிரதம்) 2014இல் திரும்பி வந்தது. இனி நிலையத்தை விரிவாக்கும்போது கூடுகிற ஒவ்வொரு சதுர மீற்றர் கொங்கிறீட்டும் அந்த மழையை மண்ணுக்குள் விடாமல் வாய்க்காலுக்குத் தள்ளிவிடும்.

கூரைத் தண்ணீரைக் கீழே அனுப்புவது சுலபம். 1 சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர். 1000 சதுர மீற்றர் கூரையும் 1200 மில்லிமீற்றர் மழையும் என்று வைத்துக்கொண்டால் 12 இலட்சம் லீற்றர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒன்பதரை இலட்சத்துக்கு மேல் மிஞ்சும். முதல் மழை காகத்தின் எச்சத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வருமல்லவா? பீலியிலிருந்து இறங்கும் குழாயில் அடி மூடிய ஒரு கிளைக்குழாய் வைத்தால் அந்த அழுக்குத் தண்ணீர் முதலில் அதற்குள் போகும். அது நிரம்பும்போது உள்ளே மிதக்கும் பந்து மேலே வந்து வாயை அடைத்துவிடும். பிறகு வருவது மணல் வடியைத் தாண்டி உறிஞ்சு குழிக்குப் போகலாம்.

வாகனத் தரிப்பிடத் தண்ணீரை மட்டும் இப்படி நேரே இறக்கக்கூடாது. சுண்ணக்கல் மணலைப்போல வடிகட்டாது. வெடிப்பில் விழுந்த எண்ணெய் அப்படியே கிணற்றுக்குப் போய்விடும். சுண்ணாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை நாங்கள் மறந்திருக்க முடியாது. தரிப்பிடத்தில் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும் ஆழமான மண்படுக்கையும் வேண்டும்.

மலசலகூடம்தான் உண்மையான தலையிடி. குடாநாட்டில் பல கிணறுகளில் நைத்திரேற்று என்ற நைதரசன் உப்பு ஏற்கெனவே அதிகம். உரத்தோடு மலக்குழிகளும் அதற்குக் காரணம். இந்திய ரயில்களில் இருப்பதுபோல் பக்டீரியாத் தொட்டி வைத்தால் திண்மக் கழிவு குறையும், ஆனால் நைதரசன் வெளியேறும் நீரிலேயே தங்கிவிடும். அதை முதலில் காற்றூட்டி நைத்திரேற்றாக்க வேண்டும். அப்புறம் காற்றில்லாத தொட்டிக்கு மாற்றினால், ஒட்சிசன் கிடைக்காத பக்டீரியா நைத்திரேற்றிலிருந்தே அதை எடுத்துக்கொள்ள, நைதரசன் வாயுவாகப் பறந்துவிடும். இரண்டு தொட்டிகளுக்கும் அடி ஒழுகாமல் சீமெந்து பூசியிருக்க வேண்டும். அடி திறந்த குழி வெட்டுவது மலிவு என்று ஒப்பந்தகாரர் சொல்வார். அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கக்கூடாது.