மூணு வாரம் கேப் எதுக்கு?

"டாக்டர், கேன்சருக்கு ஒரு கீமோ ஊசி போட்டுட்டு அடுத்ததுக்கு மூணு வாரம் கழிச்சு வரச் சொல்றீங்களே, அதுக்குள்ள கட்டி வளர்ந்துடாதா?" ஓபில இத கேக்காத ஆளே இல்ல. நியாயமான கேள்விதான், ஆனா வெளிய நாப்பது பேர் டோக்கனோட நிக்கிறப்ப ஒழுங்கா பதில் சொல்ல முடியாது, அதான் இங்க எழுதுறேன்.

ஒரு செல் ரெண்டாகுறதுக்கு ஒரு முறை இருக்கு. லேப்ல வேகமா வளர்ற மனுஷ செல்லுக்கு ஒரு சுத்து ஏறக்குறைய 24 மணி நேரம். மொதல்ல தன் உடம்ப பெருக்கிக்கும், அது ஜி1. அப்புறம் எஸ், ஏழெட்டு மணி நேரத்துல 600 கோடி எழுத்து உள்ள டிஎன்ஏவ அப்படியே காப்பி எடுக்கணும். ஜி2ல பிழை பாக்குற வேலை. கடைசில எம், ரெண்டா பிரியிறது, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். நடுநடுவுல செக்போஸ்ட் உண்டு, டிஎன்ஏ அடிபட்டிருந்தா பி53ங்கிற புரோட்டீன் சுத்த நிறுத்திடும், சரிபண்ண முடியலன்னா செல்லையே சாக வெச்சிடும். கேன்சர்ல கிட்டத்தட்ட பாதில இந்த பி53 ஜீனே கெட்டுப் போயிருக்கு. கேன்சர் செல்லுனா ராக்கெட் வேகம்னு நெனைக்கிறாங்க, அப்படியில்ல, பல கட்டிகளவிட நம்ம எலும்பு மஜ்ஜை வேகமா ஓடும், கட்டிக்கு பிரேக் புடிக்கல அவ்வளவுதான்.

பெரும்பாலான கீமோ மருந்து இந்த சுத்துல ஓடுற செல்லத்தான் அதிகமா அடிக்கும். மெத்தோட்ரெக்சேட், காப்பி எடுக்கிறப்ப. வின்கிரிஸ்டின், பிரியிறப்ப, குரோமோசோம இழுக்கிற நூலயே கட்ட விடாது. அது நித்தியகல்யாணில இருந்து வர்றது, சுடுகாட்டு மல்லின்னு சொல்வாங்களே அதேதான் (அதுக்காக எலைய அரைச்சுக் குடிக்காதீங்க, ஒருத்தர் குடிச்சிட்டே வந்தார், விஷம்ங்க அது).

ஆனா முடி வேர், வாய்க்குள்ள இருக்கிற தோல், மஜ்ஜை இதெல்லாமும் ஓயாம பிரியிற இடம், சேந்து அடி வாங்கும். தலைமுடில 100க்கு 85, 90 எந்நேரமும் வளர்ற நிலைல இருக்கு, அதான் கொத்தா போகுது. மஜ்ஜைல தாய் செல்லுங்க பாதிக்கு மேல சுத்துக்கு வெளிய, ஜி0ல தூங்கிட்டு இருக்கும், அதுங்க தப்பிச்சு திரும்ப ரத்த அணு உற்பத்திய ஆரம்பிக்கும். வெள்ளை அணு 7லேர்ந்து 14 நாளுக்குள்ள அடிமட்டத்துக்குப் போயி மூணாவது வாரத்துல ஏறி வரும். அதுதான் உங்க 21 நாள். முன்னாடியே போட்டா மஜ்ஜை தாங்காது, "பொண்ணு கல்யாணம் முடியட்டும்"னு தள்ளிப் போட்டா தப்பிச்ச கேன்சர் செல்லு திரும்ப சுத்த ஆரம்பிச்சிடும்.

மார்புப் புத்துக்கு சிவப்பு கலர் கீமோ மருந்து போட்ட ஒரு அக்கா, பத்தாம் நாள் காய்ச்சல் 101, ஊர் மெடிக்கல்ல பாராசிட்டமால் வாங்கி ரெண்டு நாள் ஓட்டியிருக்காங்க. "சளி இல்ல, இருமல் இல்ல, சும்மா சூடுதான தம்பி"ன்னாங்க. சீழ் புடிக்கவே வெள்ளை அணு வேணும்க்கா, அது இல்லாததாலதான் வெளிய ஒண்ணும் தெரியலன்னேன். கிருமிய அடிக்கிற நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணு 120, 1500க்கு மேல இருக்கணும். நாலு நாள் ஐசியூ. கீமோ நடக்கிறப்ப 100.4 தாண்டினா மாத்திரை போட்டு பாக்கிற வேலையே வேணாம், நடுராத்திரின்னாலும் கெளம்பிடுங்க.

அடுத்த ஊசிக்கு அந்த அக்கா மளிகைக் கடை காலண்டர சுருட்டி எடுத்துட்டு வந்தாங்க. "எந்த எந்த நாளுன்னு நீங்களே வட்டம் போட்டுக் குடுங்க தம்பி." பால் கணக்குக்கு நடுவுல, வெள்ளை அணு கொறையுற ஏழாம் நாள்லேர்ந்து பதினாலாம் நாள் வரைக்கும், சிவப்பு மைல எட்டு வட்டம் போட்டுக் குடுத்தேன்.